பொழுது சாய்ந்தபின் எங்கே போவது?

2024 ஜூலை. கருணாபுரத்தில் சாவுப் பறை ஓய்ந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலை வாசலில், மூட்டை தூக்கும் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதிருக்கும். மூட்டை உரசி உரசிக் காய்த்துப்போன தோள். தலையில் கட்டிய துண்டு முழுக்கத் தவிட்டுத் தூசு. அமைச்சர்கள், அதிகாரிகள், தொண்டு நிறுவனத்தார், என்னைப்போல் எழுதுகிறவர்கள் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்ன புத்திமதியைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தார். “குடிக்காத, குடிக்காதன்னு சொல்றீங்க. சரி, குடிக்கல. ஏழு மணிக்கு மேல எங்க போறதுன்னு சொல்லுங்க. வூடு ஒரே ரூமு. அதுல ஒரு மூலையில பொண்ணு படிக்குது, இன்னொரு மூலையில மருமவ கொழந்தைக்குப் பால் குடுக்குது. நான் எங்க சார் குந்தறது?”

என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

2024 ஜூன் 18 இரவும் மறுநாள் காலையும் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயப் பாக்கெட்டுகளைக் குடித்தவர்களில் 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் கூலிக்காரர்கள். அவர்களில் பெண்களும் உண்டு. கண் பார்வை மங்குகிறது, வயிறு எரிகிறது என்று வந்தவர்களைக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையால் தாங்க முடியாமல் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பினார்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் கருணாபுரத்துக்குக் கூப்பிடு தூரம்தான். ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம், இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், மதுவிலக்குச் சட்டத்தில் திருத்தம், நவம்பரில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணை என்று அடுத்தடுத்து வந்தன. வரவேண்டியவைதான். விற்றவனைப் பிடித்தாக வேண்டும், கண்டும் காணாமல் இருந்தவனையும் பிடித்தாக வேண்டும். ஆனால் இத்தனை உத்தரவுகளிலும் அந்த மூட்டைக்காரரின் கேள்விக்கு ஒரு வரி இல்லை.

இரவு நேரப் பொழுதுபோக்கு என்ற பேச்சை எடுத்தாலே நம்மில் பலர் முகம் சுளிக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளும், பெங்களூரின் மதுக்கூடங்களும், துபாயின் விளக்கு வெளிச்சமும்தான் நினைவுக்கு வருகின்றன. பணக்காரர் விவகாரம், நமக்கு எதற்கு என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் இரவில் அலங்காரமும் கடையும் கூட்டமும் தமிழனுக்குப் புதிதல்ல. மதுரையின் பகல் கடைவீதியை நாளங்காடி என்றும் இரவுக் கடைவீதியை அல்லங்காடி என்றும் பிரித்துப் பெயர் சொன்னது மதுரைக்காஞ்சி. பகலெல்லாம் உழைத்தவனுக்குப் பகல் சொந்தமில்லை, அது முதலாளிக்கோ வெயிலுக்கோ சொந்தம். அவனுக்கென்று மிஞ்சுவது பொழுது சாய்ந்தபின் கிடைக்கும் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தை ஊர் அவனுக்கு என்ன கொடுத்து நிரப்புகிறது என்பதுதான் என் கேள்வி.

நம் பக்கத்தில் ஒரு காலத்தில் அதை நிரப்பியது கூத்து. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை வட்டாரங்களில் பிறந்து ஐம்பதைத் தாண்டிய யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து மணிக்கு மேல் மத்தளம் முழங்கும். முகவீணை ஓசை வயல்வெளி தாண்டி அடுத்த ஊருக்குப் போகும். சாக்கு, பாய், தலையணை சகிதம் குடும்பம் குடும்பமாக வந்து இடம் பிடிப்பார்கள். பின்னாலிருந்த ஒப்பனைக் கொட்டகையைத் தென்னங்கீற்று இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பது எங்களுக்கு ஒரு வேலை. காலையில் எங்கள் வயலில் நாற்றுக்கட்டு சுமந்த ஆள் அங்கே சின்னக் கண்ணாடித் துண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, முகத்தில் அரைத்த சிவப்புப் பூச்சைத் தடவி, விளக்குக் கரியில் மீசை வரைந்துகொண்டிருப்பார். கிரீடமும் புஜக்கட்டையும் ஏறிவிட்டால் அவர் துரியோதனன். இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் முதலில் வரும். அந்தக் குரலைக் கேட்டதும் அதுவரை தூங்கிவழிந்த கிழவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கட்டியக்காரன் அஸ்தினாபுரத்து வழக்கைச் சொல்லும் சாக்கில் எங்கள் ஊர்த் தலைவர் போட்ட சாலையைக் கேட்பான். தலைவரும் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். பகலில் யாரும் கேட்கத் துணியாததை இரவில் ஒரு கூலிக்காரன், வேஷம் கட்டிக்கொண்டு, ஊர் முன்னால் கேட்டான். அரவான் களப்பலி, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என்று நாட்கள் நகர்ந்து, கடைசியில் மண்ணால் படுக்கவைத்த துரியோதனன் உருவத்தில் படுகளம் முடிந்து தீ மிதிக்கும்போது, ஊருக்கு ஓராண்டுக்கான பேச்சு கிடைத்திருக்கும்.

இதை எழுதும்போது ஏக்கம் வருகிறது. ஆனால் அந்த இரவுகள் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தன என்று எழுதினால் அது பொய். கூத்து நடக்கும் இடத்தில் காலனிக்காரர் எங்கே உட்காரலாம் என்பதற்குக் கோடு இருந்தது. சில ஊர்களில் அவர்கள் வரவே கூடாது. பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன பட்டியல் சமூக இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் கோயிலையே பூட்டி சீல் வைக்கும் நிலை வந்தது. கருணாபுரத்துக்காரர் பாட்டனுக்கு அந்தக் கூத்து எந்த அளவு சொந்தமாக இருந்தது என்பதை நாம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தக் கோட்டை அழித்தது சினிமாக் கொட்டகை. தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமா அரங்குதான் என்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதினார். டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்று மூன்றே சாதி. தரை என்றால் ஆற்று மணல். முன்னால் இருப்பவன் தலை மறைத்தால் மணலைக் கூட்டி மேடு கட்டி, அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். பின்னால் இருப்பவன் அதைவிட உயரமாகக் கட்டுவான். ஒற்றைப் புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு போடுவார்கள். அப்போது முறுக்குத் தட்டும் சோடா கலரும் கூட்டத்துக்குள் நுழையும். இரண்டாம் ஆட்டம் முடிந்து ஒரு மணிக்கு வண்டிப்பாதையில் நடந்து வரும் கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். கையில் ஒரே ஒரு டார்ச் லைட். கூட்டமாக வந்ததால் பயமில்லை. கரும்பு வெட்டுகிறவன், களை எடுக்கிறவள், மில்லில் மூட்டை தூக்குகிறவன் எல்லாரும் காசு கொடுத்து, தலைநிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது.

அந்தக் கொட்டகைகள் போய்விட்டன. கட்டட அரங்குகள் பலவும் திருமண மண்டபமாகவும் வணிக வளாகமாகவும் மாறின. மிஞ்சிய அரங்கில் நால்வர் குடும்பம் படம் பார்த்து, ஆளுக்கொரு பொட்டலம் வாங்கித் தின்றால் ஒரு நாள் கூலி போதாது. பொழுதுபோக்கு தொலைக்காட்சியாகி வீட்டுக்குள் போனது. 2006-க்குப் பின் அரசே வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. பிறகு அது செல்போனாகி உள்ளங்கைக்குள் போனது. வீட்டுக்குள் ஒரு கூடமும் அதில் ஒரு நாற்காலியும் உள்ளவனுக்கு இது வசதி. ஒற்றை அறை வீட்டுக்காரன் வெளியே வந்தாக வேண்டும். அவன் வெளியே வந்தபோது வெளிச்சத்தோடு திறந்திருந்தது ஒரே ஒரு கதவு. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கைக்குப் போனது. 2023-24 நிதியாண்டில் அதன் வழியே அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தக் கடையில் குவார்ட்டர் வாங்கவும் காசு போதாதவன் பாக்கெட்டைத் தேடிப் போனான். பாக்கெட்டில் மெத்தனால் இருந்தது.

கூத்துக்கும் இப்போது நேரக் கட்டுப்பாடு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலாசார நிகழ்ச்சிகளுக்கு மாநில அரசு நினைத்தால் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். நோயாளிகளும் படிக்கும் பிள்ளைகளும் இருக்கும் ஊரில் இந்த விதி தேவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பத்து மணிக்குத் தொடங்கிக் கோழி கூவும்போது முடியும் கலையை இந்த விதிக்குள் எப்படி வாழவைப்பது என்று யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா? கோயில் நிர்வாகிகள் காவல் நிலையத்துக்கு மனு எழுதி, கிடைக்காவிட்டால் நீதிமன்றம் போய், கடைசியில் இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கிய கூத்தையோ, அதையும் விட்டுவிட்டு ஆடல் பாடல் நிகழ்ச்சியையோ வைக்கிறார்கள். மத்தளம் அடிப்பவர் வருமானத்துக்கு வேறு வேலை தேடுகிறார்.

நம் மாவட்டத்துக்கு உலகமே திரும்பிப் பார்க்கும் ஓர் இரவு உண்டு. அது உளுந்தூர்பேட்டை வட்டம் கூவாகத்தில், சித்திரையில் வரும். கூத்தாண்டவர் கோயிலில் நாடெங்கும் இருந்து வந்த திருநங்கைகள் பூசாரி கையால் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் இரவு. கற்பூரம் மலையாக எரியும். வளையல் கடை, தாலிக் கடை, பூக்கடை எல்லாம் வயலுக்குள் வந்துவிடும். கும்மி விடிய விடிய நடக்கும். பெற்ற வீடு சேர்க்காதவர்களும், பேருந்தில் பக்கத்தில் உட்கார ஆளில்லாதவர்களும் அன்று ஒரு ராத்திரி மணப்பெண்ணாக நிற்கிறார்கள். மறுநாள் தேர் ஓடி, அழிகளத்தில் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி அழுவதைப் பார்த்தால் கல்லும் கரையும். திருநங்கைகளுக்கென்று நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு, 2008-இல். அத்தகைய மாநிலத்தில் இந்த ஓரிரவுக்கு வருகிறவர்கள் கழிப்பறைக்கு அலைவதும், இருட்டில் குடிவெறியர்களின் சீண்டலைத் தாங்குவதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு வயதான திருநங்கை என்னிடம், “எங்களுக்கு இந்த ஒரு ராத்திரிதான் தம்பி பத்திரம். அதுலயும் வெளக்கு இல்லாத பக்கம் போவ மாட்டோம்” என்றார்.

பாலைவன நகரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். சங்கராபுரம் பக்கத்து என் மச்சான் துபாயில் பல வருடம் கட்டட வேலை பார்த்தவர். சோனாப்பூர் முகாமில் அறைக்கு எட்டுப் பேர். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டம் உண்டு. அப்படிப்பட்ட வெயில். அதனால் ஊர் கண் விழிப்பதே மாலைக்கு மேல்தான். அந்த நகரத்தின் நட்சத்திர விடுதிகளும் நடனக் கூடங்களும் என் மச்சானுக்கானவை அல்ல. தான் கட்டிய கட்டடத்தின் விளக்கை அவர் தூரத்திலிருந்துதான் பார்த்தார். ஆனாலும் விடுமுறை நாள் மாலையில் தேரா பக்கம் போவார்களாம். க்ரீக் எனப்படும் உப்பங்கழியைக் கடக்க மரப்படகு ஓடுகிறது, அப்ரா என்பார்கள், அப்போது ஆளுக்கு ஒரு திர்ஹாம். “அந்தக் கரைல எனக்கு ஒரு வேலையும் இல்ல மாமா. அந்தாண்ட போயிட்டு இந்தாண்ட வருவோம். காத்து வரும். எல்லாரும் சமமா ஒரே பலகைல உக்காந்திருப்போம். அவ்ளோதான்.” மறுபடி மறுபடி அவர் சொன்ன சந்தோஷம் இந்த ஒரு திர்ஹாம் படகுதான். கள்ளக்குறிச்சியில் அவருக்கு அப்படி ஒரு பலகை இல்லை.

சவூதி அரேபியாவில் இருந்து திரும்பியவர்கள் வேறு கதை சொல்வார்கள். அங்கே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சினிமா அரங்கே இல்லாமல் இருந்தது. 2016-இல் பொழுதுபோக்குக்கென்றே ஓர் அரசு ஆணையம் அமைத்தார்கள். 2018 ஏப்ரலில் ரியாத்தில் முதல் அரங்கைத் திறந்தார்கள். 2019-இல் ரியாத் பருவ விழா தொடங்கியது. குடும்பங்கள் பண்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் செலவிடும் பங்கை 2.9 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக உயர்த்துவோம் என்று தேசியத் திட்டத்தில் எழுதிவைத்தார்கள். அங்குள்ள ஆட்சி முறையோ, பேச்சுரிமை படும் பாடோ நமக்கு முன்மாதிரி இல்லை. ஆனால் மக்கள் மாலையில் எங்கே போவார்கள் என்பது அரசு உட்கார்ந்து திட்டமிட வேண்டிய விஷயம் என்று, குடிமக்களுக்கு மதுவையே விலக்கிய ஒரு பாலைவன நாட்டுக்குத் தோன்றியிருக்கிறது.

நம் மாவட்டத்து மலைமேல் நிலைமை இன்னும் மோசம். கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையிலிருந்து விடுபட்டதே 1976-இல்தான். கருணாபுரத்துக்குப் பிறகு, மலைமக்களின் வாழ்வாதாரம் குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பேருந்து, மருத்துவம், பள்ளி என்று நீதிபதிகள் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. கல்வராயன் மலை என்றாலே கீழே இருப்பவர்களுக்குச் சாராய ஊறல்தான் நினைவு. ஓடையோரம் பேரலைக் கவிழ்த்து ஊறலை அழிக்கும் போலீஸ் படம் செய்தித்தாளில் மாதம் தவறாமல் வருகிறது. கருணாபுரத்தைக் கொன்றது தொழிற்சாலைக்கு உரிய மெத்தனால், மலையில் காய்ச்சியதல்ல. ஆனாலும் பழி அங்குள்ள மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் தலையில் விழுந்தது. மாலைப் பேருந்தை விட்டால் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள சிற்றூர்களில் விடியும் வரை இருட்டுதான். மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் பார்க்க வரும் கார்கள் பொழுது இறங்குமுன் திரும்பிவிடும். கோடை விழா நடக்கும்போது மேடை போட்டு, விளக்கு கட்டி, கலை நிகழ்ச்சி வைப்பார்கள். விழா முடிந்ததும் மேடையைப் பிரித்து லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துவிடுவார்கள். அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அடுத்த விழா வரை ஒன்றுமில்லை. மரவள்ளியும் கடுக்காயும் சுமந்து இறக்கியவனுக்கு மாலையில் கூடிப் பறை அடித்து ஆட ஒரு விளக்கடி போதும். அதுகூட இல்லாத இடத்தில் பையன்கள் பதினாறு வயதில் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வந்தது, மருத்துவக் கல்லூரி வந்தது. ஒரு நகராட்சிக் கலையரங்கம் எங்கே? 2017 சட்டப்படி சினிமாவுக்கான கேளிக்கை வரி உள்ளாட்சிக்குத்தான் போகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கையாவது கேளிக்கைக்கே செலவிட்டால், வாரம் இரண்டு இரவு கூத்துக் குழுக்களுக்கு நியாயமான கூலி கொடுத்து ஊர் நடுவில் ஆடவைக்கலாம். கோயில் வாசலில் வேண்டாம். பொது மைதானத்தில், எல்லாரும் எங்கே வேண்டுமானாலும் உட்காரும் இடத்தில் நடக்கட்டும். ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு நிறுத்தலாம். விடிய விடிய ஆடுவதற்கு அந்தப் பதினைந்து நாள் தளர்வைக் கேட்டு வாங்கலாம். சுவரில் வெள்ளைத் துணி கட்டி வாரம் ஒரு படம் காட்டப் பெரிய பணம் தேவையில்லை. மாலை ஆறு மணியோடு பூட்டும் பூங்காவைப் பத்து வரை திறந்துவைக்க வேண்டும். பெண்கள் வருவதற்குக் கழிப்பறையும், திரும்பிப் போவதற்குக் கடைசிப் பேருந்தும் வேண்டும். பெண்கள் வந்து உட்காராத இரவு ஆண்களுக்கும் பாதுகாப்பானது இல்லை, கருணாபுரத்தில் கணவனைப் பறிகொடுத்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கு மாலையில் சேரும் கூட்டத்தைப் பாருங்கள். குடும்பத்தோடு வந்து, புத்தகம் வாங்காவிட்டாலும் மேடைப் பேச்சைக் கேட்டு, பஜ்ஜி தின்றுவிட்டுப் போகிறார்கள். ஊர் பசியோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

இவை வந்தால் குடி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குடிநோய்க்கு மருத்துவம் வேண்டும், கள்ளச்சாராயத்துக்குச் சிறை வேண்டும், கூலி உயர வேண்டும். ஆனால் மூட்டை தூக்கியவனுக்கு உடம்பு வலி தீர்ந்து மனிதரோடு மனிதராக உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதை, சாவு விழுந்த பிறகும் நாம் கணக்கில் எடுக்கவில்லை.

நகராட்சி உறுப்பினர்களுக்கும் ஒன்றியக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக நிலம் தேட வேண்டாம். நம் மாவட்டத்தில் வாரச்சந்தை கூடும் மைதானங்கள் எத்தனையோ இருக்கின்றன. சந்தை ஒரு நாள்தான். மீதி ஆறு இரவும் அந்த இடம் இருட்டில் கிடக்கிறது.